பாய்காட்: ஒரே வினைச்சொல், இரண்டு வேலைகள்

ஒரு படத்தைப் பார்க்காதீர்கள் என்று சமூக ஊடகத்தில் ஹேஷ்டேக் ஓடுகிறது. செய்தியில் அதற்குப் பெயர் ‘பாய்காட்’. எதிர்க்கட்சிகள் கூட்டத்தொடருக்கு வரவில்லை என்றால் அதுவும் பாய்காட். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்றாலும் பாய்காட்தான். ஒரு கிராமத்தில் ஊர்க்கூட்டம் போட்டு, இன்ன குடும்பத்துக்குக் கடையில் அரிசி பருப்பு தரக்கூடாது, யாரும் அவர்களோடு பேசக்கூடாது என்று கட்டளை இடுகிறார்கள். ஆங்கில நாளிதழில் இதற்கும் அதே வினைச்சொல்தான். ஆனால் படத்துக்குப் போகாதவர்மீது எந்த வழக்கும் வராது. அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவைத்தவர்கள் ஜெயிலுக்குப் போகலாம்.

ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரண்டு செயல்களைச் சட்டம் ஏன் இப்படி வேறுவேறாகப் பார்க்கிறது என்று வாசகர்கள் குழம்புவது நியாயம்தான். விடை அந்தச் சொல் பிறந்த கதையிலேயே இருக்கிறது. பிறந்தபோது அதற்கு ஒரு பொருள்தான் இருந்தது. இன்று நமக்கு முதலில் தோன்றும் பொருள் அதுவல்ல.

முதலில் பொருள்

இன்றைய ஆங்கிலத்தில் இந்த வினை மூன்று விதமாக வழங்குகிறது:

1. ஓர் ஆளையோ குடும்பத்தையோ பேச்சுவார்த்தை, கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாமல் ஒதுக்கிவைப்பது. இதுதான் மூத்த பொருள்.
2. ஒரு நிறுவனத்தின் பொருளையோ ஒரு நாட்டின் சரக்கையோ வாங்க மறுப்பது.
3. தேர்தல், கூட்டம், போட்டி, விழா போன்றவற்றில் கலந்துகொள்ள மறுப்பது.

மூன்றிலும் பொதுவாக இருப்பது, எதிர்ப்பைக் காட்டவோ எதிராளியைப் பணியவைக்கவோ வேண்டுமென்றே, பெரும்பாலும் கூட்டாகச் செய்வது. விலை கட்டுப்படியாகவில்லை என்று ஒரு பொருளை வாங்காமல் விடுவது பாய்காட் அல்ல.

பக்கத்தில் நிற்கும் சொற்களையும் பிரித்துவிடுவோம். வேலைநிறுத்தம் என்பது தன் முதலாளிக்குத் தன் உழைப்பைத் தர மறுப்பது. வெளிநடப்பு என்றால் அவைக்குள் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வெளியேறுவது. பாய்காட் என்றால் உள்ளேயே போகாமல் இருப்பது. பொருளாதாரத் தடை என்பது அரசு போடுவது, மீறினால் தண்டனை உண்டு. பாய்காட்டை யாரும் தொடங்கலாம், அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

ஆங்கிலத்தில் ‘பாய்’ என்றால் பையன், ‘காட்’ என்றால் கட்டில், இரண்டும் சேர்ந்து வந்த சொல் என்று விளக்குவோர் உண்டு. அப்படி எதுவும் இல்லை. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். இங்கிலாந்தின் பழைய தொடக்க ஆட்டக்காரர் ஜெஃப்ரி பாய்காட்டின் பெயரும் அதே பெயர்தான். அவரும் 1974 முதல் 1977 வரை இங்கிலாந்து அணிக்கு ஆட வராமல் ஒதுங்கியிருந்தார் என்பது தற்செயலான வேடிக்கை.

1880, மேயோ மாவட்டம்

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். சில காலம் ராணுவத்தில் இருந்தார். ‘கேப்டன்’ என்ற அடைமொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டது. பின்னர் மேற்கு அயர்லாந்துக்குப் போய் நிலம் பிடித்து விவசாயம் செய்தார். 1870-களில் அங்கே மேயோ மாவட்டத்தில், லாக் மாஸ்க் என்ற ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் பண்ணைக்கு ஏஜென்ட் ஆனார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஜமீனின் காரியஸ்தர். குத்தகை வசூலிப்பது, தராதவர்களை வெளியேற்றுவது, வேலிக்குள் மாடு வந்தால் அபராதம் போடுவது எல்லாம் அவர் கையில் இருந்தது. கறாரானவர் என்று பெயர்.

அந்தக் காலத்து அயர்லாந்தில் நிலத்தின் பெரும்பகுதி சில ஆயிரம் நிலக்கிழார்களின் கையில் இருந்தது. அவர்களில் பலர் ஊரிலேயே இருப்பதில்லை. உழுதவர்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் குத்தகையில் இருந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியே அனுப்பலாம். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சம் இன்னும் நினைவிலிருந்து போகவில்லை. 1879-ல் மறுபடி விளைச்சல் பொய்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நிலச் சங்கம் உருவானது. மைக்கேல் டாவிட் அதன் மூளை, சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் தலைவர். நியாயமான குத்தகை, வெளியேற்றாமை, குத்தகை உரிமையை விற்கும் சுதந்திரம் ஆகிய மூன்றையும் அவர்கள் கேட்டார்கள்.

1880 செப்டம்பர் 19 அன்று எனிஸ் என்ற ஊரில் பார்னெல் பேசினார். ஒரு குடும்பத்தை வெளியேற்றிவிட்டு அந்த நிலத்தை வேறொருவன் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வது என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். சுட்டுத் தள்ளு என்று குரல் வந்தது. அதைவிட நல்ல வழி உண்டு என்றார் பார்னெல். சாலையில் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள், கடையில், சந்தையில், ஏன், கோயிலில்கூட அவனைத் தனியாக விடுங்கள், பழங்காலத்தில் தொழுநோயாளியை ஒதுக்கியதுபோல் ஒதுக்குங்கள் என்று விளக்கினார். பேச்சின் இலக்கு நிலக்கிழார் அல்ல. கூட்டத்தை உடைத்துப் பிறர் நிலத்தை எடுக்கும் சக விவசாயி.

மூன்றே நாளில் வழிமுறை பரீட்சைக்கு வந்தது. எர்ன் பிரபு குத்தகையில் 10 சதவீதம் குறைத்திருந்தார்; குத்தகைதாரர்கள் 25 சதவீதம் கேட்டார்கள். மறுக்கப்பட்டதால் பலர் பணம் கட்டவில்லை. செப்டம்பர் 22 அன்று வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க அமீனா ஒருவர் போலீஸ் காவலோடு வந்தார். மூன்று வீட்டில் கொடுத்தார். நான்காவது வீட்டுப் பெண் வாங்க மறுக்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிச் சேற்றையும் சாணத்தையும் கல்லையும் எறிந்தார்கள். அமீனாவும் போலீஸும் பாய்காட் வீட்டுக்குள் ஓடித் தஞ்சம் புகுந்தார்கள்.

மறுநாள் ஒரு கூட்டம் பண்ணைக்கே வந்தது. வேலையாட்களும் குதிரைக்காரர்களும் போனார்கள். அடுத்து என்னென்ன நடந்தது என்பதை பாய்காட்டே லண்டன் டைம்ஸ் நாளிதழுக்கு அக்டோபரில் கடிதமாக எழுதினார். கொல்லனுக்கு, இனி அந்த வீட்டு வேலை செய்தால் கொலை என்று மிரட்டல் கடிதம். சலவைக்காரிக்கு அந்த வீட்டுத் துணியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. பாலின்ரோப் ஊரிலிருந்து தபால் பை கொண்டுவரும் 12 வயதுப் பையனை அடித்து நிறுத்தினார்கள். அவனுக்குப் பதில் போன பாய்காட்டின் உறவுக்காரச் சிறுவனையும் வழிமறித்தார்கள். கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. பயிர் மிதிபட்டது, வாயில் பூட்டுகள் உடைந்தன.

கடிதம் லண்டனில் பெரிய சேதியாகிவிட்டது. பயிரை அறுக்க ஆள் அனுப்ப அயர்லாந்தின் வடபகுதியில் நிதி திரட்டினார்கள். கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து 50 புராட்டஸ்டன்ட் தொண்டர்கள் நவம்பரில் வந்தார்கள். கிளேர்மோரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு வண்டி தர ஆள் கிடைக்கவில்லை. கொட்டும் மழையில் நடந்தே போனார்கள். பாதுகாப்புக்குக் குதிரைப்படை, காலாட்படை, போலீஸ் எல்லாமாகச் சேர்ந்து ஆயிரம் பேர் அளவில் குவிந்தார்கள். இரண்டு வாரம் கிழங்கும் தானியமும் அறுவடையாயின. சுமார் 500 பவுண்டு பெறும் விளைச்சலைக் காப்பாற்றக் குறைந்தது 10,000 பவுண்டு செலவானதாக மதிப்பிட்டார்கள். ஒரு டர்னிப்புக்கு ஒரு ஷில்லிங் என்று பார்னெல் கேலி செய்தார்.

நவம்பர் இறுதியில் பாய்காட் குடும்பம் கிளம்பியது. ஓட்டுவதற்கு உள்ளூர் வண்டிக்காரன் ஒருவனும் வராததால் ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில்தான் போக முடிந்தது. டப்ளினில் தங்கிய விடுதிக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள்.

பெயர் எப்போது வினையானது?

நீல் என்ற சிற்றூரின் பங்குத்தந்தை ஜான் ஓ'மாலி உள்ளூர் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். ஜேம்ஸ் ரெட்பாத் அயர்லாந்து நிலவரத்தை எழுத வந்திருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர். ரெட்பாத் பின்னர் எழுதிய விவரப்படி, ஒருநாள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஒரு சொல்லுக்காகத் திணறினார். நிலக்கிழாரையும் நிலம் பறிப்பவனையும் ஊர் ஒதுக்குவதைக் குறிக்க ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற கிரேக்க வழிச் சொல் இருக்கிறது, ஆனால் விவசாயிகளுக்கு அது புரியாதே என்றார். பாதிரியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அவனை பாய்காட் செய்வது’ என்று வைத்துக்கொண்டால் என்ன என்றாராம்.

அக்டோபரிலேயே ரெட்பாத் அதை அமெரிக்கப் பத்திரிகையில் பயன்படுத்திவிட்டார். நவம்பரில் டைம்ஸ் அதை மேற்கோள் குறிக்குள் அச்சிட்டது. சில ஆண்டுகளில் மேற்கோள் குறியும் போய், முதலெழுத்தும் சின்ன எழுத்தானது. ஒரு பெயர் அதற்குரியவரிடமிருந்து முழுதாகப் பிரிந்துவிட்டதற்கு ஆங்கிலத்தில் அதுதான் அடையாளம். பாய்காட் அப்போது உயிரோடுதான் இருந்தார். 1881-ல் அமெரிக்கா போனபோது ‘சார்லஸ் கன்னிங்ஹாம்’ என்ற பெயரில் பயணம் செய்தார்; வேறென்ன செய்வார், பாவம். 1897-ல் இறந்தார்.

இவ்வளவு வேகமாக ஒரு பெயர் வினையாக முடிந்ததற்கு இலக்கணக் காரணமும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் வினைகளுக்குத் தனி விகுதி இருந்தது. இடைக்காலத்தில் அந்த விகுதிகள் தேய்ந்து மறைந்தன. அதன் பிறகு பெயருக்கும் வினைக்கும் தோற்றத்தில் வித்தியாசம் இல்லை. எந்தப் பெயரையும் அப்படியே வினை இருக்கும் இடத்தில் வைத்துவிடலாம். கூகுள் என்ற நிறுவனப் பெயர் ‘தேடு’ என்ற வினையானதும் இதே வழியில்தான். மற்ற மொழிகளுக்கு இந்த வசதி இல்லை. பிரெஞ்சு தன் வினை விகுதியைச் சேர்த்து ‘பாய்காத்தே’ என்றது, ஜெர்மன் ‘பாய்கோத்தீரன்’ என்றது. ஜப்பானியர் ‘பொய்கொத்தோ’வோடு ‘செய்’ என்று பொருள்படும் ‘சுரு’வைச் சேர்த்தார்கள். நாம் ‘பாய்காட் பண்ணு’ என்பதும் ஜப்பானிய வழியேதான்.

சொல் வருமுன் செயல் இல்லையா?

தாராளமாக இருந்தது. பண்டைய ஏதென்ஸில் ஓட்டாஞ்சில்லில் பெயர் கீறி, போதிய வாக்கு விழுந்தால் ஒருவரைப் பத்தாண்டுகள் நாடு கடத்தினார்கள். ரெட்பாத்துக்கு நினைவு வந்த கிரேக்கச் சொல் அங்கிருந்து வந்ததுதான். யாரோடும் பேசாமல் ஒதுக்குவதை ஆங்கிலேயர் ‘கோவென்ட்ரிக்கு அனுப்புவது’ என்று சொல்லிவந்தார்கள். 1791-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிக ஒழிப்பு மசோதாவைத் தோற்கடித்தபோது, அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை வாங்குவதில்லை என்று ஏராளமான குடும்பங்கள் முடிவெடுத்தன. ஒழிப்பு இயக்கத்தின் தாமஸ் கிளார்க்சன் அவர்களை மூன்று லட்சம் பேர் என்று கணக்கிட்டார்.

ஆனால் 1880 வரை ஆளை ஒதுக்குவதும் சர்க்கரையை விடுவதும் ஒரே வகைச் செயல் என்று யாரும் நினைக்கவில்லை. முதலாவது தண்டனை, இரண்டாவது விரதம் மாதிரி ஒன்று. இரண்டையும் ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தது மேயோவில் பிறந்த இந்த வினைச்சொல். வசதியான சொல்தான். ஆனால் இன்றைய குழப்பத்தில் பாதிக்கு இந்தச் சேர்க்கைதான் காரணம் என்பது என் கணிப்பு.

ஆளிலிருந்து சரக்குக்கு, சரக்கிலிருந்து வாக்குச்சாவடிக்கு

பொருள் எப்படி நகர்ந்தது என்பதை நமக்குப் பக்கத்து வரலாற்றிலேயே பார்க்கலாம். வைஸ்ராய் கர்சன் வங்கத்தைப் பிரித்தபோது, 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹால் கூட்டத்தில் பிரிட்டிஷ் சரக்குகளை பாய்காட் செய்யும் தீர்மானம் நிறைவேறியது. அயர்லாந்து நிகழ்ச்சிகளை இந்தியப் பத்திரிகைகள் நன்றாக அறிந்திருந்தன. சொல் அப்படியே வந்து இறங்கியது. இங்கே இலக்கு மனிதரல்ல, மான்செஸ்டர் துணி. ஆனால் பழைய பொருள் விடவில்லை. அந்நியத் துணி உடுத்தியவர் வீட்டுச் சடங்குக்குப் புரோகிதர் போக மறுத்தார், அந்நியத் துணியைச் சலவைத் தொழிலாளி வெளுக்க மறுத்தார். மலிவான துணியை நம்பியிருந்த ஏழைகளையும் சிறு வியாபாரிகளையும் மிரட்டிப் பணியவைப்பதைப் பார்த்துத்தான் ரவீந்திரநாத் தாகூர் அந்த இயக்கத்திலிருந்து விலகினார்.

தூத்துக்குடியிலும் அதே கலவை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளையர் கப்பலில் ஏறாதே, நம் கப்பலில் ஏறு என்பது சரக்கு, சேவை சார்ந்த புறக்கணிப்பு. 1908-ல் கோரல் நூற்பாலை வேலைநிறுத்தம் வந்தபோது அது ஆள்மீதும் பாய்ந்தது. வெள்ளையர் பக்கம் நின்றவர்களுக்கு நாவிதரும் சலவைத் தொழிலாளரும் வேலை செய்ய மறுத்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய வக்கீல் ஒருவரை அரைச் சவரத்தோடு நாவிதர் விட்டுவிட்டுப் போன கதை அந்தப் பகுதியில் இன்றும் சொல்லப்படுவது. மேயோவின் கொல்லனும் சலவைக்காரியும் இங்கே வேறு உருவில் வந்து நிற்கிறார்கள்.

மூன்றாம் பொருளுக்கு யாழ்ப்பாணம் நல்ல உதாரணம். 1931-ல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கையில் எல்லா வளர்ந்தோருக்கும் வாக்குரிமையோடு முதல் தேர்தல் நடந்தது. அந்த ஏற்பாடு சுயராஜ்யம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தல் பகிஷ்காரத்துக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்பு மனு தாக்கல் செய்யவில்லை. 1934-ல் இடைத்தேர்தல் நடக்கும்வரை நான்கு இடங்களும் காலியாகவே இருந்தன. இலங்கைத் தமிழில் ‘பகிஷ்கரிப்பு’ இன்றும் நாளிதழ்ச் சொல். வேலைநிறுத்தத்தையே ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் ‘பகிஷ்காரம்’ பின்னுக்குப் போய்ப் ‘புறக்கணிப்பு’ நிலைத்துவிட்டது.

பகிஷ்கரிக்கப்பட்டவர்கள்

பகிஷ்காரம் என்ற வடசொல்லின் நேர்ப்பொருள் வெளியே தள்ளுவது. சாதியிலிருந்து, ஊரிலிருந்து தள்ளிவைப்பதற்கு வழங்கிய பழைய சொல் அது. இதே சொல்லைத்தான் அன்னியத் துணிக்கு எதிரான போராட்டத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அம்பேத்கர் 1927-ல் தொடங்கிய மராத்தி இதழின் பெயர் ‘பகிஷ்கிருத பாரத்’, அதாவது வெளியே தள்ளப்பட்ட இந்தியா. ஒரு பக்கத்தில் ஆயுதமாக இருந்த சொல் மறுபக்கத்தில் காயத்தின் பெயராக இருந்தது.

அது வெறும் பெயரல்ல. அதே 1927-ல் மகாத் ஊரின் சவதார் குளத்தில் தலித் மக்கள் தண்ணீர் எடுத்ததற்குப் பதிலடியாக வந்தது சமூகப் பகிஷ்காரம். கூலி நிலத்தில் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, பொதுப் பாதையில் நடக்கக்கூடாது. சொந்த நிலம் இல்லாத குடும்பத்துக்கு இது பட்டினி. பம்பாய் மாகாண அரசு அமைத்த ஒரு குழுவும் 1930-ல் இந்த வழக்கத்தைப் பதிவு செய்தது. சின்னக் காரணத்துக்கும் ஊரே சேர்ந்து இப்படிச் செய்கிறது என்றும், தங்களுக்குள்ள உரிமையைக் கேட்டதே பல நேரம் காரணமாக இருக்கிறது என்றும் அதில் இருக்கிறது.

லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதிகளாகப் போனவர்கள் இருவர்: அம்பேத்கரும் தமிழ்நாட்டின் இரட்டைமலை சீனிவாசனும். இருவரும் சேர்ந்து அங்கே கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில், பகிஷ்காரத்தைக் குற்றமாக்க வேண்டும் என்ற பகுதியும் இருந்தது. வீடோ நிலமோ வாடகைக்குத் தர மறுப்பது, வேலை தர மறுப்பது, வியாபாரம் செய்ய மறுப்பது, வழக்கமான சமூக உறவை நிறுத்துவது என்று ஒவ்வொன்றாக வரையறுத்திருந்தார்கள். அந்த வாசகத்தை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? 1922-ன் பர்மா பாய்காட் எதிர்ப்புச் சட்டத்திலிருந்து. காலனி அரசு தனக்கு எதிரான பகிஷ்காரத்தை ஒடுக்கப் போட்ட சட்டத்தின் வரிகள், தலித் மக்களைக் காக்கும் கோரிக்கையாக மாறின.

அந்தக் கோரிக்கை முழுதாக நிறைவேற வெகுகாலம் பிடித்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அவர்கள்மீது சமூகப் பகிஷ்காரமோ பொருளாதாரப் பகிஷ்காரமோ விதிப்பதும், விதிப்பேன் என்று மிரட்டுவதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மகாராஷ்டிரம் 2016-ல் எல்லாச் சாதியினருக்கும் பொருந்தும்படி சமூகப் பகிஷ்காரத் தடைச் சட்டம் ஒன்றையே இயற்றியது. சாதிப் பஞ்சாயத்துகள் தங்கள் சாதிக் குடும்பங்களையே தள்ளிவைத்த சம்பவங்கள்தான் அதற்குக் காரணம்.

சட்டம் கோடு போடும் இடங்கள்

1880-ல் பிரிட்டிஷ் அரசுக்கு இருந்த தலைவலி இது: கொல்லன் வேலைக்கு வர மறுத்தால், கடைக்காரன் ரொட்டி விற்க மறுத்தால், எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? ஒருவரை வேலை செய் என்றோ விற்பனை செய் என்றோ கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் 12 வயதுப் பையனை அடித்துத் தபால் பையை நிறுத்தியது வேறு. பாய்காட்டின் கடிதத்தில் இரண்டுமே இருந்தன. 1887-ல் தனிச் சட்டம் போட்டே அயர்லாந்தில் இதைத் தண்டிக்க முடிந்தது. அன்றிலிருந்து நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை சில கேள்விகள்தான்.

1. நீ விலகுகிறாயா, அடுத்தவனை விலகவைக்கிறாயா? அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் கறுப்பின மக்கள் நகரப் பேருந்தில் ஏறவில்லை. 1921-ன் மாநில பாய்காட் எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் மார்ட்டின் லூதர் கிங் குற்றவாளி என்று தீர்ப்பாகி அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தின்போது கிங்கே இந்தச் சொல்லைப் பற்றி யோசித்ததாக எழுதியிருக்கிறார். கறுப்பின மக்களை ஆதரித்தவர்களின் வேலையையும் வியாபாரத்தையும் பறிக்க வெள்ளை இனவாத அமைப்புகளும் பாய்காட்டைத்தானே பயன்படுத்துகின்றன, நாங்களும் அதையேதான் செய்கிறோமா என்பது அவர் கேள்வி. பேருந்துக் கம்பெனியை ஒழிப்பதல்ல, அநீதிக்குத் தரும் ஒத்துழைப்பை நிறுத்துவதே நோக்கம் என்று தெளிந்து, அதன் பிறகு ‘பாய்காட்’ என்ற சொல்லை அரிதாகவே பயன்படுத்தினாராம். மேலே சொன்ன இரண்டு பொருளின் சிக்கலை இவரைவிடத் தெளிவாகப் பார்த்தவர் எனக்குத் தெரியவில்லை. மிசிசிப்பியின் போர்ட் கிப்சன் ஊரில் 1966-ல் வெள்ளையர் கடைகளுக்கு எதிராக நடந்த புறக்கணிப்பில், 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வன்முறையற்ற பகுதி கருத்துரிமைக்கு உட்பட்டது. வன்முறைக்கு மட்டும், அதைச் செய்தவர் பொறுப்பு என்பது அதன் சாரம்.

2. மறுக்கப்படுவது எது? ஒரு கம்பெனியின் குளிர்பானத்தை வாங்காவிட்டால் கம்பெனிக்கு லாபம் குறையும். ஒரே கடை உள்ள ஊரில் ஒரு குடும்பத்துக்கு அரிசி தராவிட்டால் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போகவேண்டும். பலம் யார் பக்கம் இருக்கிறது என்ற கேள்வியை இந்தியச் சட்டம் சாதியை வைத்து நேரடியாகவே கேட்கிறது.

3. சண்டையில் இல்லாதவரையும் இழுக்கிறாயா? ஒரு தொழிற்சாலையோடு தகராறு என்றால், அதன் சரக்கை விற்கும் கடையையும் நெருக்குவது இரண்டாம் நிலை பாய்காட். அமெரிக்கா 1947-ல் தொழிற்சங்கங்களுக்கு இதைத் தடை செய்தது. ஆனால் விவசாயத் தொழிலாளர் அந்தச் சட்ட வரம்புக்கு வெளியே விடப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தொழிற்சங்கப் பாதுகாப்பு மறுக்கவென்று வைத்த விதிவிலக்கு, கலிபோர்னியத் திராட்சைத் தோட்டத் தொழிலாளருக்கு வரமானது: நாடு முழுக்கக் கடைகள் முன்னால் மறியல் செய்து, ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1970-ல் ஒப்பந்தம் பெற்றார்கள்.

4. வராமல் இருக்க உனக்கு உரிமை உண்டா? ஒலிம்பிக்குக்குப் போகாமல் இருப்பது ஒரு நாட்டின் இஷ்டம். 1980 மாஸ்கோ போட்டியை அமெரிக்கா தலைமையில் 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தவிர்த்தன. 1984-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு சோவியத் அணி வரவில்லை. 2022 பெய்ஜிங் குளிர்காலப் போட்டியில் ‘ராஜதந்திர பாய்காட்’ என்று ஒரு மெலிந்த வடிவம் வந்தது: வீரர்கள் போவார்கள், அமைச்சர்கள் போகமாட்டார்கள். ஆனால் பிறருக்காக ஆஜராகும் கடமை உள்ளவர் வராவிட்டால்? வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யவோ நீதிமன்றப் புறக்கணிப்புக்கு அழைக்கவோ உரிமை இல்லை என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் 2002 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்படுவது எதிராளி அல்ல, வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பும் கட்சிக்காரர் என்பது காரணம். வழக்கறிஞர்களின், நீதிமன்றத்தின் கண்ணியமும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட மிக அரிய சூழலில், ஒரு நாளுக்கு மேற்படாமல் என்றால் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று ஒரு சின்ன வழி மட்டும் வைத்தார்கள். அதன் பிறகும் புறக்கணிப்புகள் நிற்கவில்லை. சங்கத் தீர்மானங்களின் வாசகம்தான் பல இடங்களில் மாறியது: ‘பணிகளிலிருந்து விலகியிருப்பது’ என்று எழுதுகிறார்கள்.